வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஓய்வுநாள் பந்தி: சிங்கப்பூரின் யூத ஜெப ஆலயம் குடும்பங்களை மீட்டுக்கொண்ட கதை

சிங்கப்பூரில் வாட்டர்லூ ஸ்திரீட்டைத் தெரியாத தமிழர் குறைவு. ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் அங்கேதான். பக்கத்திலேயே குவான் இம் கோயில். அங்கே ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருகிற சீனர்கள் கிருஷ்ணன் சந்நிதி முன்னாலும் நின்று கும்பிட்டுவிட்டுப் போவது அந்தத் தெருவில் அன்றாடக் காட்சி. அதே தெருவில் கொஞ்சம் தள்ளி, காவலுக்குப் பின்னால், ஒரு வெளிர்நிறக் கட்டடம் இருக்கிறது. பலர் அதை ஏதோ பழைய அரசாங்க அலுவலகம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அது மகெய்ன் அபோத், 1878-இல் திறக்கப்பட்ட யூத ஜெப ஆலயம். தென்கிழக்கு ஆசியாவில் இன்றும் தொழுகை நடக்கிற ஜெப ஆலயங்களில் மிகப் பழையது இதுதான்.

இந்த ஆய்வின் கேள்வி எளிமையானது. பாக்தாத்திலிருந்து புறப்பட்ட யூத வணிகர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய் என்று வரிசையாகக் குடியேறினார்கள். போன இடமெல்லாம் ஜெப ஆலயம் கட்டினார்கள். கல்கத்தாவில் 1884-இல் கட்டிய மாகேன் டேவிட் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். ஆனால் உள்ளே தொழுவதற்கு ஆள் இல்லை. ரங்கூன் ஜெப ஆலயத்தின் நிலையும் ஏறக்குறைய அதுதான். யூத மரபில் கூட்டுத் தொழுகை முழுமையாக நடக்க வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரைச் சேர்க்க முடியாமல் போன கட்டடங்கள் அவை. சிங்கப்பூரும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது. இன்றோ அங்கே குழந்தைகளின் சத்தம் கேட்கிறது. எப்படி?

கொஞ்சம் பின்னால் போவோம். 1830 கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் இருந்த யூதர்கள் ஒன்பது பேர். 1841-இல் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கடைவீட்டைக் குத்தகைக்கு எடுத்து முதல் ஜெப ஆலயத்தை அமைத்தார்கள். அந்தத் தெரு இன்றும் சினகாக் ஸ்திரீட் என்ற பெயரோடு இருக்கிறது, ஜெப ஆலயம்தான் அங்கே இல்லை. கூட்டம் பெருகியதும் வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு வந்தார்கள். 1905-இல் செல்வந்தர் மனாசே மேயர் ஆக்ஸ்லி ரைஸில் தம் வீட்டை ஒட்டியே ஹெசெட் எல் என்ற இரண்டாவது ஜெப ஆலயத்தைக் கட்டினார். 1922 நவம்பரில் ஐன்ஸ்டைன் சிங்கப்பூரில் இறங்கியது இந்த மேயரைப் பார்க்கத்தான், ஜெருசலேமில் தொடங்கவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டு.

மேயரின் மாளிகை ஒரு பக்கம். மிடில் ரோடு, செலிகி ரோடு, வில்கி ரோடு வட்டாரத்தில் ஏழை யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ‘மஹல்லா’ இன்னொரு பக்கம். சமூகத்தின் உயிர் அங்கேதான் இருந்தது என்பது என் எண்ணம். வெள்ளிக்கிழமை மாலை எந்த வீட்டில் என்ன சமையல் என்று தெருவில் நடப்பவருக்கே தெரிந்துவிடும். பிள்ளை எங்கே ஓடினாலும் யாரோ ஒரு அத்தை பிடித்து ஜெப ஆலயத்துக்கு அனுப்பிவிடுவார். நடந்துபோகிற தூரம் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை முடியும் ஓய்வுநாளில் வாகனம் ஓட்டக்கூடாது என்பது வைதிக யூதர்களின் நெறி. வீடும் ஜெப ஆலயமும் பக்கத்தில் இல்லையென்றால் குடும்பம் வருவது நின்றுவிடும்.

1939 வாக்கில் சுமார் 1,500 பேர் இருந்தார்கள். ஜப்பானியர் வந்தார்கள். 1943-இல் யூதர்களைப் பெருமளவில் பிடித்துச் சாங்கி சிறையிலும், பிறகு சைம் ரோடு முகாமிலும் அடைத்தார்கள். போர் முடிந்ததும் பலர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா, இஸ்ரேல் என்று கப்பல் ஏறிவிட்டார்கள். 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் இந்தச் சமூகத்தவர்தான், போருக்குப் பிறகு யூத நல வாரியத்துக்குத் தலைமை தாங்கியவர். நாட்டுக்கே தலைவரைத் தந்த அந்தச் சமூகம், அதே ஆண்டுகளில்தான் எண்ணிக்கையில் கரைந்துகொண்டிருந்தது. பிற்பாடு சில நூறு பேர்தான் மிஞ்சினார்கள். மஹல்லாவின் பழைய வீடுகளும் நகர மறுசீரமைப்பில் போயின. எலியாஸ் கட்டடத்தின் முகப்பில் இருக்கும் ஆறுமுனை நட்சத்திரத்தைப் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். அந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் அடையாளங்களில் அது ஒன்று.

இனி மீட்சி. இதற்கு எல்லோரும் சொல்கிற காரணம் பொருளாதாரம். வங்கி, தொழில்நுட்பம், வைர வணிகம் என்று வேலைக்கு வந்த அமெரிக்க, ஐரோப்பிய, இஸ்ரேலியக் குடும்பங்களால் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வேலைக்கு வருகிறவர் எல்லோரும் ஜெப ஆலயத்துக்கு வந்துவிடுவதில்லை. வெளிநாட்டில் மூன்று வருடம் இருக்கப்போகும் ஒரு தம்பதிக்கு, அதுவும் கைக்குழந்தையோடு, சனிக்கிழமை காலை போய் உட்கார என்ன அவசியம்? அந்த அவசியத்தை உண்டாக்கியதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

என் கணிப்பில், திருப்பத்தைத் தந்தவை பள்ளிக்கூடமும் சமையலறையும். 1994 முதல் யூத மதகுருவான ரபி மொர்தெகாய் அபெர்கெல் இங்கே பொறுப்பில் இருக்கிறார். அந்தப் பத்தாண்டிலேயே ஒரு யூத மழலையர் பள்ளி தொடங்கியது. அது வளர்ந்து இன்று சர் மனாசே மேயர் பன்னாட்டுப் பள்ளியாக நிற்கிறது. யூதரல்லாத பிள்ளைகளும் அங்கே படிக்கலாம். 2007-இல் ஜெப ஆலயத்தை ஒட்டியே ஏழு மாடியில் ஜேக்கப் பாலஸ் நிலையம் எழுந்தது. பங்குத் தரகராக இருந்து 2000-இல் மறைந்த ஜேக்கப் பாலஸ் விட்டுச்சென்ற செல்வத்தின் பலன் அது. தாவரவியல் பூங்காவில் இருக்கும் குழந்தைகள் தோட்டத்துக்கும் அவர் பெயர்தான். தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே தண்ணீரில் விளையாடியிருப்பார்கள்! இந்த நிலையத்தில் பந்திக் கூடம், யூத உணவு நெறிப்படி நடக்கும் கோஷர் சமையலறை, கோஷர் கடை, சடங்குக் குளியலுக்கான தொட்டி எல்லாம் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. மஹல்லாவில் தெருவே தந்துகொண்டிருந்ததை இப்போது ஒரு வளாகம் தருகிறது.

ஓய்வுநாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால் இது புரியும். யூத நாள் சூரியன் மறைவில் தொடங்கும். சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னால் வீட்டுப் பெண்மணி விளக்கேற்றுவார். லண்டனில் டிசம்பரில் இது மாலை நான்குக்கும் முன்னால் வந்துவிடும், அலுவலகத்திலிருந்து ஓடி வரவேண்டும். அங்கேயே ஜூன் மாதம் இரவு ஒன்பதுக்கு வரும், குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். சிங்கப்பூரிலோ வருடம் முழுக்க ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்தான். நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் வாழ்வதன் கொடை இது. எந்த வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் விழித்திருக்கிறபோதே விளக்கு, திராட்சைரச வாழ்த்து, ரொட்டி, சாப்பாடு எல்லாம் முடிந்துவிடும். இதை யாரும் திட்டமிடவில்லை. ஆனாலும் குடும்பத்தோடு கொண்டாட இதைவிட ஏற்ற கடிகாரம் கிடைக்காது.

சனிக்கிழமை காலைத் தொழுகை மூன்று மணி நேரம் வரை போகும். கூடத்தின் நடுவில் உயர்ந்த மேடை. அதில் நின்றுதான் வாசிப்பார்கள். மேற்குச் சுவரில், ஜெருசலேம் இருக்கும் திசையில், யூத வேதமான தோராவின் சுருள்கள் வைத்த பேழை. பாக்தாத் வழக்கப்படி சுருளைத் துணியில் சுற்றுவதில்லை. உருளை வடிவக் கெட்டிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், பலவற்றில் வெள்ளி வேலைப்பாடு உண்டு. மேசைமேல் நிமிர்த்தி வைத்து, அலமாரியின் இரட்டைக் கதவைத் திறப்பது போலத் திறந்தால் உள்ளே சுருள் நின்றபடியே இருக்கும். வாசிப்பவரும் நின்றே வாசிப்பார். பதின்மூன்று வயது நிறைந்த பையன் முதல் தடவை இதன் முன்னால் வந்து நிற்கும் நாள்தான் பார் மிட்ஸ்வா. உயிர்க்குறி இல்லாத எபிரேய எழுத்தை, ராகம் பிசகாமல், அத்தனை பேர் முன்னால் வாசிக்க வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த பையனுக்கே குரல் நடுங்கும். முடிந்ததும் நாலாபுறமிருந்தும் மிட்டாய் பறந்து வரும், சின்னதுகள் எல்லாம் மேடையடியில் பாய்ந்து பொறுக்கும். பயபக்தியும் மிட்டாயும் ஒரே நிமிடத்தில் வருவதை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஐந்து வயதில் அந்த மிட்டாயைப் பொறுக்கிய பிள்ளைக்கு, பதின்மூன்றில் அந்த மேடை அந்நியமாக இருக்காது.

தொழுகை முடிந்ததும் பந்தி. புதிதாக வந்த குடும்பம் யாரையும் தெரியாமல் வந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். ஓய்வுநாளில் அடுப்பு பற்றவைக்கக்கூடாது. அதனால் வெள்ளிக்கிழமையே கோழியும் அரிசியும் சேர்த்து ஏற்றி, இரவெல்லாம் மெல்லிய சூட்டில் விட்டுவிடும் ‘ஹமீம்’ பாக்தாத் குடும்பங்களின் உணவு. அடிப்பிடித்த பகுதிக்குத்தான் போட்டி. கல்கத்தா வழியாக வந்தவர்கள் என்பதால் மஞ்சளும் இஞ்சியும் கூடவே வந்துவிட்டன. யூத உணவு நெறியில் இறைச்சியோடு பால் சேரக்கூடாது. ஆகவே கறிக்குத் தயிரோ நெய்யோ ஆகாது. தேங்காய்ப்பால் ஆகும். தேங்காய் கிடைக்கும் ஊரில் அந்த நெறி ஒரு சுமையாகவே இல்லை.

பண்டிகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பஸ்கா. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதை வீட்டு மேசையில் அமர்ந்து கதையாகச் சொல்லும் இரவு. சொல்லத் தொடங்குவதற்குக் குழந்தை கேட்க வேண்டும், அதுதான் முறை. இருப்பதில் சின்னப் பிள்ளை ‘இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?’ என்று கேட்டால்தான் பெரியவர்கள் பதில் சொல்வார்கள். பாக்தாத் குடும்பங்களில் இதோடு ஒரு சிறு நாடகமும் உண்டு. புளிப்பில்லா அப்பத்தைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை வரும். ‘எங்கிருந்து வருகிறாய்?’ ‘எகிப்திலிருந்து.’ ‘எங்கே போகிறாய்?’ ‘ஜெருசலேமுக்கு.’ மேசையே அமைதியாகி அந்தப் பிள்ளையைப் பார்க்கும். மூவாயிரம் ஆண்டுப் பழைய பயணத்தை ஒரு துணிமூட்டையால் நடத்திக் காட்டிவிடுகிறார்கள்.

இதே பண்டிகையில்தான் இந்தச் சமூகத்தின் பெரிய சிக்கலும் மேசைக்கு வருகிறது. அரிசி. ஐரோப்பிய வழிவந்த யூதர்கள் பஸ்காவின் எட்டு நாளும் அரிசி தொடமாட்டார்கள். பாக்தாத் வழியினர் சாப்பிடுவார்கள், ஆனால் ஒரு கோதுமை மணிகூடக் கலந்திருக்கக்கூடாது. எனவே பண்டிகைக்கு முன்னால் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று தடவை பொறுக்குவார்கள். வெள்ளைத் துணி விரிப்பு, ஒரு கைப்பிடி அரிசி, விரல் நுனியால் மணி மணியாக ஒதுக்கல். அது முடிந்தால் அடுத்த கைப்பிடி. பாட்டி, மகள், பேத்தி சேர்ந்து உட்கார்ந்து செய்கிற வேலை. பேச்சும் அப்போதுதான் நடக்கும், யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பது உட்பட. இப்போது பண்டிகைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய, அமெரிக்க வழியினர். எல்லோருக்கும் பொதுவாகச் சமைக்க வேண்டும் என்றால் எது யாருக்கும் தடையில்லையோ அதைத்தான் சமைக்க முடியும். அரிசி விட்டுப்போகும். நியாயமான முடிவுதான். ஆனால் பொது மேசையில் அரிசி இல்லாவிட்டால், மூன்று தடவை பொறுக்கும் அந்த மதியமும் நாளடைவில் இல்லாமல் போகும். விருந்தோம்பல் பெருகப் பெருக, விருந்தளிப்பவரின் வழக்கம் தேய்கிறது. இந்த மீட்சியின் மையமான முரண் இதுதான் என்று நினைக்கிறேன்.

புத்தாண்டான ரோஷ் ஹஷானாவிலும் இதைக் காணலாம். தேனில் தோய்த்த ஆப்பிள்தான் உலகறிந்த படம். பாக்தாத் வழக்கில் தட்டு பெரிது. பேரீச்சம்பழம், மாதுளை, சுரைக்காய், காராமணி, கீரை என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல் சொல்லிச் சாப்பிடுவார்கள். மாதுளை முத்துக்கள் அளவுக்கு நற்செயல் பெருகட்டும் என்பது அதில் ஒன்று. இவை அத்தனையும் தேக்கா சந்தையில் நாம் வாங்கும் காய்கள்தான். அப்புறம் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர், இருபத்தைந்து மணி நேர நோன்பு, தண்ணீர்கூடக் கிடையாது. சிறுபிள்ளைகளுக்கு நோன்பு இல்லை. முடிவில் ஆட்டுக்கொம்பை ஊதும்போது மட்டும் அவர்களும் கூட வந்து நிற்பார்கள்.

அடுத்து வரும் கூடாரப் பண்டிகைக்குச் சிங்கப்பூர் தனி நிறம் கொடுக்கிறது. வனாந்தரத்தில் நாற்பது ஆண்டு அலைந்ததை நினைத்துத் தற்காலிகக் குடில் போட்டு, ஏழு நாள் அதற்குள்ளேதான் சாப்பிட வேண்டும். கூரை வெட்டிய தழையால் ஆனதாக இருக்க வேண்டும், நிழல் தர வேண்டும், அதே நேரம் வானமும் தெரிய வேண்டும், மழை உள்ளே விழ வேண்டும். குளிர்நாடுகளில் தழைக்கு அலைவார்கள். இங்கே ஓலைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வறண்ட மாலைக்குத்தான். அக்டோபர் இடிமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. குழம்பில் தண்ணீர் விழுகிற அளவுக்குப் பெய்தால் உள்ளே போய்ச் சாப்பிடலாம் என்று நெறியே விலக்கு தருகிறது. குடிலை அலங்கரிப்பது பிள்ளைகளின் பொறுப்பு. காகிதச் சங்கிலி, வரைந்த படங்கள், தொங்கும் பழங்கள். வண்ணம் மழையில் கரையும், மறுநாள் புதிதாக ஒட்டுவார்கள்.

பூரிம் பண்டிகையைப் பற்றி நீட்ட வேண்டாம். எஸ்தர் ராணியின் கதை, மாறுவேடம், வில்லன் ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் காது கிழியும் சத்தம். இந்தியா முதல் எத்தியோப்பியா வரை ஆண்ட அரசன் என்று அந்தக் கதை தொடங்குகிறது, பைபிளில் இந்தியா பெயர் சொல்லப்படும் இடங்களில் ஒன்று. தொழுகை இடத்தில் பிள்ளைகள் சத்தம் போடுவது கடமையாகவே இருக்கும் நாள் வேறெந்த மதத்திலும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஹனுக்காவின் எட்டு விளக்குகளையும் எண்ணெயில் பொரித்த பலகாரங்களையும் நம் கார்த்திகையோடு ஒப்பிட ஆசை வரும். அதை வாசகருக்கே விடுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது வைதிக ஜெப ஆலயம், ஆண்களும் பெண்களும் தனித்தனி. பெண்களுக்கான மேல்மாடம் 1893-இல் சேர்க்கப்பட்டது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறும் தாய்க்கு, குடும்பத்தோடு வந்தும் பிரிந்து உட்காரும் நிலை. பத்துப் பேர் கணக்கிலும் பெண்கள் சேர்வதில்லை. இதை ஏற்காத சீர்திருத்த வழிக் குடும்பங்கள் ஐக்கிய எபிரேய சபை என்று தனியாகக் கூடுகிறார்கள், அங்கே எல்லோரும் சேர்ந்தே அமர்வார்கள். குடும்பத்துக்கு ஏற்ற ஆலயம் என்றால் எது என்பதில் இரு தரப்புக்கும் ஒரே பதில் இல்லை. சின்ன ஊரில் இரண்டு கூட்டம் இருப்பது பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒன்றில் பொருந்தாத குடும்பம் வீட்டிலேயே இருந்துவிடாமல் மற்றதற்காவது போகிறது.

அடுத்தது பாதுகாப்பு. 2021 மார்ச்சில் ஓர் அதிர்ச்சிச் செய்தி வந்தது. சனிக்கிழமைத் தொழுகை முடிந்து மகெய்ன் அபோத்திலிருந்து வெளியே வருகிறவர்களைக் கத்தியால் தாக்கத் திட்டமிட்ட இருபது வயது இளைஞர் ஒருவரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து வைத்திருப்பதாக அரசு அறிவித்தது. அந்த நேரத்தில் வாசலில் யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பந்திக்குப் போகும் தாத்தாக்களும், மிட்டாய் கையோடு ஓடும் பிள்ளைகளும். இப்போது பார்வையாளர்கள் முன்கூட்டியே சொல்லி, அடையாள ஆவணம் காட்டித்தான் உள்ளே போக முடியும். கதவைத் திறந்து வைத்து வளர்ந்த இடம் கதவைச் சரிபார்த்துத் திறக்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் பல மதத் தலைவர்கள் ஒன்றாக அமரும் சமய அமைப்பில் யூதர்களும் ஓர் உறுப்பு. பக்கத்துக் கோயில்களோடும் பள்ளிவாசலோடும் உறவு நல்லபடியாக இருக்கிறது. ஆனால் காவலரை வீட்டுக்கு அனுப்ப அந்த உறவு மட்டும் போதாது, அதைச் சமூகம் புரிந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவதுதான் நான் அதிகம் கவலைப்படுவது. வந்த குடும்பங்கள் போய்விடுகின்றன. இரண்டு மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் டெல் அவீவுக்கோ நியூயார்க்குக்கோ மாற்றலாகிறது. பிள்ளையின் நெருங்கிய தோழன் ஒவ்வொரு கோடை விடுமுறைக்குப் பின்னும் வேறொருவன். வருகிற குடும்பத்துக்கு வரவேற்பு, போகிற குடும்பத்துக்கு வழியனுப்பு என்று தன்னார்வலர்களின் பாதி உழைப்பு இதிலேயே போகும். நிரந்தரமாக இருப்பவர்கள் மிஞ்சிய பாக்தாத் குடும்பங்கள்தான். ராகமும் சமையலும் அவர்களிடம்தான் இருக்கிறது, ஆளோ குறைவு.

இந்தச் சமூகம் தன் வரலாற்றைக் காட்ட வளாகத்திலேயே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. நல்ல காரியம். என் விருப்பம் இன்னொன்று. பஸ்காவுக்கு முந்தைய வாரம் பள்ளிப் பிள்ளைகளைப் பழைய குடும்பத்துப் பாட்டிகளோடு உட்கார வைத்து அரிசி பொறுக்கச் செய்யலாம். பொது மேசைக்கு அந்த அரிசி வர வேண்டாம், பாட்டிகளின் வீட்டு மேசைக்குப் போகட்டும். நியூயார்க் குடும்பத்துப் பிள்ளையும் பொறுக்கலாம், பொறுக்குவதற்கு எந்த வழியிலும் தடையில்லை. செலவும் இல்லை. அரிசியை மூன்று தடவை பார்க்கும் கண் பாட்டிகளிடம் இன்னும் இருக்கிறபோதே இதைத் தொடங்கிவிட வேண்டும்.